பந்தைக் கொடுத்தேன், வரி வந்தது

எங்கள் பக்கத்தில் ஒருத்தனுக்கு நல்லது நடந்தால் மட்டும் போதாது, அது நாலு பேருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லை என்றால் நடக்காத கணக்குதான். நானும் அந்த ரகம். சொல்லப்போனால் அந்த ரகத்தில் கொஞ்சம் முற்றிய கேஸ்.

அப்போது விக்கிரமசிங்கபுரத்தில் மில் ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்தேன். யார் சம்பளத்தில் எவ்வளவு வருமான வரி பிடிக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் என் வேலை. (இதை மறைத்திருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரி எப்படியும் சொல்லிவிடுவாள்.) சேரன்மகாதேவியில் பெண் பார்த்து, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பெண் பெயர் மகேஸ்வரி. அவள் அப்பா நெல் வியாபாரி, பேச்சில் நிதானமான மனுஷன்.

அந்த ஆனிக் கடைசியில் திருநெல்வேலியில் ஒரு கிரிக்கெட் போட்டிக்குப் போனேன். எங்கள் அணி தோற்பது உறுதி என்று எனக்குப் பட்டது. கடைசி ஓவருக்கு முன்பே வெளியே வந்து பைக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே 'ஓ'வென்று சத்தம். எங்கிருந்தோ ஒரு பந்து வந்து என் பைக்கின் முன்விளக்கை உடைத்துவிட்டுக் காலடியில் உருண்டது. திட்டிக்கொண்டே அதைப் பையில் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலையில் பேப்பர் பார்த்தால், கடலோரக் கிராமத்துப் பையன் ஒருவன் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து, தன் முதல் சதத்தையும் போட்டு, அணியையும் ஜெயிக்க வைத்திருக்கிறான். பந்தைத்தான் காணவில்லையாம். மில் கேன்டீனில் சொன்னேன். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இந்த மாதிரிப் பொருட்களைச் சேகரிக்கும் ஒருவர் சென்னையிலிருந்து போன் செய்து, பந்துக்கு ஒன்றரை லட்சம் தருவதாகச் சொன்னார்.

நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பையனுடைய அப்பா பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு முழு சீலா மீன்.

"தம்பி, விலைக்கு வாங்க நமக்கு வசதி கெடையாது. எம் மவன் அடிச்ச பந்து. வீட்ல மாதா படத்துக்குக் கீழ வைக்கணும்னு ஒரு ஆசை" என்றார்.

கொடுத்துவிட்டேன். அவர் அதை வாங்கி வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இன்றைக்கும் அதில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்லவனாகவே இருந்திருப்பேன்.

விஷயம் அணியின் முதலாளி காதுக்குப் போனது. பாராட்டு விழா வைத்து மூன்று லட்சம் தருவதாகச் சொன்னார். அவருடைய நண்பரான ஒரு நகைக்கடைக்காரர் ஐந்து பவுன் சங்கிலி தருவதாகச் சொன்னார். பெண்ணின் அப்பா, அதாவது எனக்கு மாமா ஆகப்போகிறவர், போன் செய்தார்.

"மாப்ளே, ஆடியில யாராவது நகை வாங்குவாவளா? ஆவணி பொறக்கட்டும். கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல வந்து குடுக்கச் சொல்லுங்க. எல்லாருக்கும் கௌரவம்."

"இந்தக் காலத்துல ஆடியாவது ஆவணியாவது மாமா" என்றேன்.

உண்மைக் காரணம் வேறு. மண்டபத்தில் கொடுத்தால் சங்கிலி சீர்வரிசையோடு சேர்ந்துவிடும். பெண் வீட்டார் போட்டது என்று ஊர் நினைத்துக்கொள்ளும். தவிர, ஆவணிக்குள் அந்தப் பையன் ஒரு மேட்சில் முட்டை போட்டால் என் மவுசும் இறங்கிவிடும் அல்லவா.

ஆடியிலேயே விழா நடந்தது. மாலையும் கழுத்துமாகப் பேப்பரில் என் படம் வந்தது. மூன்று லட்சமும் கல்யாணத்தில் கரைந்தது. கேரளாவிலிருந்து செண்டை மேளம், மேலே பறந்து படமெடுக்கும் ட்ரோன், மூன்று வகைப் பாயசம். தாலி கட்டிய கையோடு சங்கிலியை நானே மகேசு கழுத்தில் போட்டேன், மைக்கில் அறிவிக்கச் சொல்லிவிட்டு.

அடுத்த ஆடி வந்தது. ஊரே தள்ளுபடி கொடுக்கும் மாதம். வருமான வரிக்காரர்கள் மட்டும் கொடுப்பதில்லை. கணக்குக் காட்டப் பாளையங்கோட்டையில் எங்கள் ஆடிட்டரிடம் போனேன். காகிதங்களைப் புரட்டியவர் நிமிர்ந்தார்.

"ஒன் படம் பேப்பர்ல பாத்தேனே. அந்தப் பணம், சங்கிலி எல்லாம் எங்கடே?"

"அது அன்பளிப்பு சார். வருமானம் இல்லையே."

"ஊரான் சம்பளத்துல எல்லாம் வரி பிடிக்கியே, இது தெரியாதா? வெளியாள் குடுத்தது அம்பதாயிரத்தத் தாண்டுனா அன்புக்கும் வரி உண்டுடே."

"சீலா மீனுக்குமா சார்?"

அவர் சிரிக்கவில்லை. "கல்யாணத்துக்கு வந்த பரிசுன்னா வரி கெடையாது. ஒனக்கு எப்பம் கல்யாணம்?"

"போன ஆவணியில சார்."

"இத எப்பம் வாங்குன?"

"ஆடியில."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கல்யாணத்தன்று வாங்கியதாக எழுதினால் என்ன என்று மெதுவாகக் கேட்டேன். "தேதி போட்ட பேப்பர்ல ஒன் பல்லு பூரா தெரியுதேடே" என்றார்.

எண்பதாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும். கையில் காலணா இல்லை. இருந்தது அந்தச் சங்கிலி ஒன்றுதான். கொக்கி தளர்ந்திருக்கிறது, ஆசாரியிடம் கொடுத்துச் சரி பண்ணுகிறேன் என்று மகேசிடம் வாங்கிக்கொண்டு போய் அடகு வைத்து வரியைக் கட்டினேன்.

ஆவணியில் சேரன்மகாதேவியில் அவள் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். சங்கிலி எங்கே, சங்கிலி எங்கே என்று தினமும் கேட்டாள். ஆசாரிக்குக் காய்ச்சல் என்றேன். ஆசாரி வெளியூர் போயிருக்கிறார் என்றேன். கடைசியில் ஆசாரியின் மாமியாரையே கொன்றுவிட்டேன்.

"அய்யோ பாவம். நானும் துட்டி கேக்க வாரேன், கெளம்புங்க" என்று சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

சாகாத கிழவிக்கு எந்த வீட்டில் போய்த் துக்கம் விசாரிப்பது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டு முடித்துவிட்டு, மாற்றிய சேலையோடு அப்படியே உட்கார்ந்தாள்.

"பந்தத் திருப்பிக் குடுத்ததுக்கு வருத்தப்படுதியளா?"

"இல்ல."

"அப்பம் எதுக்குப் பொய் சொன்னிய? ஊருக்கு மைக் வச்சி சொல்லத் தெரிஞ்சிது. எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லத் தெரியலியா?"

அழுதாள். அதைப் பார்த்தபோது எண்பதாயிரம் எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

கல்யாண வீட்டுப் பந்தி. நான் பயந்தது நடந்தது. அவளுடைய அத்தை ஒருத்தி இலைக்கு எதிரில் வந்து நின்று, "ஏட்டி மகேசு, ஒம் மாப்பிள்ளை மைக்ல சொல்லிப் போட்ட சங்கிலிய எங்க?" என்று கேட்டாள். பந்தி முழுக்கத் திரும்பியது. சாம்பார் வாளியோடு மாமாவும் நின்றார். ஆசாரி கதையையே அவள் சொல்லியிருக்கலாம். நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"அது வரி கட்டப் போயிருக்கு அத்தை. வந்துரும்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு அவியலைத் தொட்டுச் சாப்பிட்டாள். பந்தியே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்காமல் வாளியோடு நகர்ந்துபோனார். தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து மாமா வீட்டுக்கு வந்தார். துண்டில் முடிந்து பணம் கொண்டுவந்திருந்தார். நான் கையை நீட்டவில்லை.

"சங்கடப்படாதிங்க மாப்ளே. மாமனார் குடுத்தா வரி கெடையாதாம். ஆடிட்டர்ட்ட கேட்டுட்டுத்தான் வாரேன்" என்றார். பிறகு, "ஆடியும் முடிஞ்சாச்சி" என்று சேர்த்துக்கொண்டார்.

சங்கிலி திரும்பி வந்தது. மாமா பணத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போகாமல் நின்றது மகேசு பந்தியில் சொன்ன அந்தப் பேச்சுதான். அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் யார் நகையும் அடகுக்குப் போவதில்லை. வரி கட்டத்தான் போகிறது. இரண்டு பக்கத்து உறவிலும் இதே பேச்சு. நான் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்லுவார்கள்.

முன்பெல்லாம் எங்கள் சொந்தத்தில் நகை அடகில் இருந்தால் தலைவலி, காய்ச்சல் என்று எதையாவது சொல்லிக் கல்யாண வீட்டுக்கு வராமலே இருந்துவிடுவார்கள். போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு அதே அத்தை வெறும் மஞ்சள் கயிற்றோடு வந்தாள். யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே, "எல்லாம் வரி கட்டப் போயிருக்கு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு முதல் பந்தியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "உங்க புண்ணியம் மாப்ளே" என்றாள். எனக்குப் பாயசம் புரையேறிவிட்டது.