நான்கு நாள் காய்ந்த பீச் பழம்

வேலைக்கு மனுப் போடும்போது எல்லோரும் கொஞ்சம் பொய் சொல்கிறார்கள். நான் சொன்ன பொய் நாலே வார்த்தை: 'கன்னடம் பேசவும் எழுதவும் தெரியும்.' பாளையங்கோட்டையில் உட்கார்ந்து அதை எழுதியபோது, கன்னடம் பேசும் ஓர் ஆளைக்கூட நான் பார்த்ததில்லை.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. மைசூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்தது. ஆறு மாதம் தற்காலிகம்; பிறகு தலைமை ஆசிரியை கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் ஊர்தான். அங்கே என் சித்தப்பா, "போன சுருக்குல திரும்பி வந்துருவா, பாருங்க" என்று கோயில் வாசலில் வைத்தே பலரிடமும் சொல்லியிருந்தார். அவர் வாக்கு பலிக்கக் கூடாது என்பதே அப்போது என் வாழ்க்கை லட்சியம்.

ரயிலில் வரும்போதே கன்னடத்தின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். நம் 'ப'வை எடுத்துவிட்டு 'ஹ' போட வேண்டும். பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. 'ப' இல்லாத சொல்லா? அது தமிழ்தான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இந்த இலக்கணத்தை வைத்து ஐந்து மாதம் ஓட்டினேன். (வகுப்பில் ஆங்கிலம், மற்ற இடங்களில் தலையாட்டல். கழுத்து வலிக்குத் தைலம் வாங்கியதுதான் செலவு.)

மே மாதக் கடைசியில், பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கையில், தலைமை ஆசிரியை ஒரு கூடையோடு என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே இரண்டு டஜன் பீச் பழங்கள். குன்னூரிலிருந்து யாரோ குண்டலுபேட்டை வழியாக வரும் பஸ்ஸில் கொடுத்தனுப்பியவை. பழம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒன்றை எடுத்து எறிந்தால் ஆளை ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும். தாம் ஒரு கல்யாணத்துக்கு நஞ்சன்கூடு போவதாகவும், நான்கு நாளில் திரும்புவதாகவும், அன்று மாலையே பள்ளித் தாளாளர் தேநீருக்கு வருவதாகவும், அவருக்குப் பீச் பழம் என்றால் உயிர் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். கிளம்பும் அவசரத்தில் முக்கியமானதை மட்டும் கன்னடத்தில் சொன்னார்.

"தும்பா கட்டி. நால்கு தின காயிரி, ஹண்ணாகுத்தெ."

"ஹௌது, ஹௌது" என்று ஆமாம் போட்டேன்.

'தும்பா கட்டி', ரொம்பக் கட்டி, புரிந்தது. 'ஹண்ணு' பழம் என்பது சந்தைக்குப் போய் வந்ததில் தெரியும். 'காயிரி'யில் 'ப' இல்லை, ஆகவே தமிழ். நான்கு நாள் காய வைத்தால் பழமாகிவிடும். காய வைத்தால் எப்படிப் பழுக்கும் என்று ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. திராட்சை காய்ந்தால் கிஸ்மிஸ் ஆகவில்லையா என்று அதன் வாயை அடைத்தேன்.

மொட்டை மாடியில் பழைய சேலையை விரித்துப் பரப்பினேன். காக்கைக்குக் கறுப்புக் குடை. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. நாலு நாளில் காயாவிட்டால் வேலை போய்விடுமே. எங்கள் ஊரில் மாங்காயை எப்படிக் காய வைப்போம்? கீறி, கொட்டையை எடுத்து, உப்புப் பிசறி. அதையே செய்தேன். நான்காம் நாள் மத்தியானம் அவை செருப்புத் தோல் மாதிரி அருமையாகக் காய்ந்திருந்தன. எனக்கு ஒரே பெருமை.

என்னோடு அறையில் இருந்தவள் ஸ்டெல்லா, தங்கவயல் பெண், நர்ஸ். காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். அன்று அவளுக்கு விடுமுறை. துணி உலர்த்த மாடிக்கு வந்தாள்.

"இன்னாக்கா இது, மாங்கா வத்தலா?"

"பீச் பழம். காயிரின்னு சொல்லிட்டுப் போனாங்க."

ஸ்டெல்லா வாளியைக் கீழே வைத்தாள். "அக்கா, காயிரின்னா காத்துக்கினு இருங்கன்னு அர்த்தம். கூடையில அப்டியே வுட்டிருந்தா தானா பழுத்திருக்கும்."

வயிற்றில் புளியைக் கரைத்தது. (கன்னடத்தில், ஹுளி.) உலகத்திலேயே சுலபமான வேலை, சும்மா இருப்பது. அதைச் செய்யச் சொன்னபோது நான் மாடிக்கும் கீழுக்கும் நாற்பது தடவை ஏறி இறங்கியிருக்கிறேன்.

மாலையில் தலைமை ஆசிரியை வீட்டுக்கு முறத்தோடு போனேன். அவர் முறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன்ரீ இது?" என்ன இது என்று கேட்கிறார் என்பது மட்டும் புரிந்தது.

"எனக்குக் கன்னடம் தெரியாதும்மா" என்று தமிழிலேயே சொன்னேன். ஐந்து மாதத்தில் அவரிடம் நான் பேசிய முதல் உண்மை அது. அழுகை வந்தது, மானம் போனது போதும் என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். அதற்குள் தாளாளர் வந்துவிட்டார். முறத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். "பாளையங்கோட்டை விசேஷம்" என்றார் தலைமை ஆசிரியை, முகம் மாறாமல். தாளாளர் ஒன்று தின்றார், மரியாதைக்கு இன்னொன்றும் தின்றார், மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

நான் கதவருகில் நின்று, என் நிரந்தர உத்தரவு என்ன ஆகும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பள்ளி திறக்கும் நாளிலிருந்து கடைசிப் பீரியடில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கன்னடம் படிக்க வேண்டும் என்றார். பிறகு, "ஆர்டர் பரத்தெ. காயிரி" என்றார். உள்ளே போக இரண்டடி வைத்தவர் திரும்பினார். "உப்பு ஹாக்கதெ."

உத்தரவு வரும், காத்திரு, உப்புப் போடாமல் என்பதை ஸ்டெல்லா மொழிபெயர்க்காமலே புரிந்துகொண்டேன்.

ஜூலையில் உத்தரவு வந்தது. அதே பள்ளியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றேன். கன்னடம் இப்போது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் என் வீட்டில் யாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. போன வாரம் கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தோம். நர்ஸ் வந்து, "அம்மா, ஸ்வல்ப காயிரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பாட்டுக்குப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் மகள் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"உப்புப் போட்டாம்மா, போடாமலா?"