குடியிருப்போர் யாருமில்லை

வரி கட்டுகிறவனுக்கு நாட்டில் ஒரு கௌரவம் உண்டு. அந்தக் கௌரவம் முழுசாக வேண்டும், வரி மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும் என்பது லிங்கராஜ் ஆகிய எனது கொள்கை. கோவில்பட்டியில் ஒரு வாடகை வீடு; நானும் என் மனைவி உமாதேவியும். புதியம்புத்தூரில் நைட்டியும் பாவாடையும் மொத்தமாக எடுத்து வந்து, பைக்கில் கட்டிக்கொண்டு போய் கழுகுமலை, புதூர்ப் பக்கம் விற்பேன். விசிட்டிங் கார்டில் மட்டும் ‘புரொப்ரைட்டர்’.

பக்கத்து வீட்டு பிரின்ஸ்டன் வரிக்கணக்கு எழுதுகிறவர். ஒருநாள் கேட்டார்:

“அண்ணாச்சி, சரக்கை எங்க வைக்குதீங்க?”

“கட்டிலுக்கு அடியில, பீரோ மேல. உமாதேவி அசந்தா அடுப்பங்கரையிலயும்.”

“அப்ப அது வீடு இல்ல, குடோன். வாடகை, கரண்டு எல்லாத்தையும் தொழில் செலவாக் காட்டலாம்லா?”

இத்தனை காலமும் நான் குடோனுக்குள்தான் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. காட்டிவிட்டேன்.

சரிபார்க்க ஓர் அதிகாரி டேப்பும் கையுமாக வந்தார். மிகவும் நேர்மையானவர். காப்பிகூட வேண்டாம் என்றார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

“கட்டிலுக்குக் கீழ சரக்கு. சரி. மேல?”

“மேல நாங்க படுக்குதோம் சார்.”

“அப்போ அது சொந்த உபயோகம். தொழில் செலவுலருந்து கழிச்சிருவேன்.”

கட்டில் கைவிட்டுப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“சார், நான் தூங்கலை. சரக்குக்குக் காவலா படுத்திருக்கேன்.”

“உங்க சம்சாரம்?”

அடுப்பங்கரையிலிருந்து பதில் வந்தது: “நான் இவியளுக்குக் காவல்.”

அதிகாரி சிரிக்கவில்லை. ‘காவலாளிகள் இருவர்’ என்று எழுதிக்கொண்டார்.

“சமையல் நடக்குதே?”

“காவலாளிகளுக்குச் சாப்பாடு சார்.”

“டி.வி.?”

“காவலாளிகள் முழிச்சிருக்கணும்லா?”

இப்படியே ஒவ்வொரு அறையாக மீட்டுக்கொண்டு வந்தேன். குளியலறைவரை தொழிலுக்கு வந்துவிட்டது. கடைசியில் அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்:

“ஆக, இங்க குடியிருக்கிறவங்கன்னு யாருமில்லை?”

“ஒரு ஈ, காக்கா இல்ல சார்” என்று நெஞ்சை நிமிர்த்திக் கையெழுத்துப் போட்டேன்.

செய்தி தெருவில் பரவியது. எதிர்வீட்டு மதலேனம்மாள் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள். கோடிவீட்டு சீனி கடலைமிட்டாய் ஏஜெண்டு. மற்றவர்களும் ஏதோ ஒன்றை வீட்டில் வைத்து விற்கிறவர்கள்தான். எல்லாரும் பிரின்ஸ்டன் வாசலில் வரிசை கட்டினார்கள். நான் நடுவில் நின்று, படுக்கையை எப்படிக் காவலாக மாற்றுவது என்று இலவசமாக வகுப்பெடுத்தேன். கொஞ்ச நாளில் தெரு முழுக்கக் குடோன் ஆனது. பிரின்ஸ்டன் வீடும் ‘கோப்புகள் பாதுகாப்பு அறை’ ஆனது.

அதற்கப்புறம் குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் வராதது அதிசயமில்லை. ஆனால் அடுத்த தெருவில் வந்தது. எல்லாரையும் கூட்டிக்கொண்டு தண்ணீர் ஆபீசுக்குப் போனேன்.

அங்கிருந்தவர் பதவிசாகச் சொன்னார்: “குடிதண்ணி குடியிருக்கிறவங்களுக்குத்தான். உங்க தெருவுல யாரும் குடியிருக்கலைன்னு வரி ஆபீஸ்லருந்து தகவல் வந்திருக்கு.”

“நாங்கள்லாம் ஆரு சார்?”

“காவலாளிங்க.”

“காவலாளிக்குத் தாகம் எடுக்காதா?”

“எடுக்கும். அது முதலாளி பொறுப்பு. உங்க முதலாளி யாரு?”

“நான்தான்” என்றேன்.

“அப்போ அவர்கிட்ட கேளுங்க.”

மறுநாள் மெயின் ரோட்டில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றோம். கரிசல் வெயில் மண்டையைப் பிளந்தது. உமாதேவி என்னிடம் பேசவில்லை. மதலேனம்மாள் பேசினாள், அதை இங்கே எழுத முடியாது. எனக்குப் பின்னால் பிரின்ஸ்டன், இரண்டு கையிலும் பிளாஸ்டிக் குடம். என்னைவிட அவருக்குத்தான் திட்டு அதிகம் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டிருந்தவர் மெதுவாக என் காதுப் பக்கம் வந்தார்.

“அண்ணாச்சி, தண்ணி சுமக்க ஆகுத செலவையும் தொழில் செலவாக் காட்டிரலாம்.”

நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

“முழுசாவா?”

வரிசையில் அதுவரை கேட்ட வசவெல்லாம் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். தெருவே, பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.