ஒரே நாள் பெர்மிட்டுக்கு மூன்று நாள் பயணம்

அரசு அலுவலகங்களில் 'கற்றுக்கொள்ளப் போகிறவர்' என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் அவருடைய காலி நாற்காலியைத்தான் பார்த்திருப்பீர்கள். அதன் முதுகில் ஒரு மேல்சட்டை தொங்கும். "சார் இருக்காரா?" என்று கேட்டால் "பெஞ்ச்மார்க்கிங் போயிருக்கார்" என்று பதில் வரும். அதாவது, இன்னோர் ஊர் அலுவலகம் எப்படி இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று நேரில் பார்த்துவரப் போயிருக்கிறார். அந்த நாட்களில் தன் அலுவலகம் எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் அவரால் பார்க்க முடியாது. ஊரில் இருந்தால்தானே?

சான் பெரெக்ரினோ நகராட்சியில் கடைகளுக்கு பெர்மிட் கொடுக்கும் பிரிவின் தலைவர் எல்பிடியோ துமலாவ், இந்த இனத்தில் முதல் தரம். பதினோரு வருஷத்தில் இருபத்தாறு ஊர்களில் கற்றிருக்கிறார். ஆவணங்கள் தொலையாமல் காப்பது எப்படி என்று ஒரு தீவுக்குப் போய்க் கற்றார்; திரும்பும்போது அந்தக் குறிப்புகள் இருந்த பையைப் படகிலேயே விட்டுவிட்டார். மறுபடியும் போக வேண்டியதாயிற்று.

பயணத்துக்கு ஒரு சடங்குமுறை இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு வேன் கிளம்பும். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புதுச் சட்டை. போய் இறங்கியதும் பேனரைக் கட்டுவார்கள். அதில் போகிற ஊரின் பெயரைவிடப் போனவர்களின் முகங்கள் பெரிதாக இருக்கும். பிறகு ஜெபம், தேசிய கீதம், தூக்கம் கலைய எல்லோரும் சேர்ந்து ஆடும் ஒரு நடனம், வானத்திலிருந்து எடுத்த வீடியோ, கேடயம் கொடுத்தல், கேடயம் வாங்குதல், இரண்டு கேடயங்களோடும் சேர்ந்து புகைப்படம். கடைசியில் கேள்வி நேரம். "உங்க வெற்றிக்கு என்ன ரகசியம்?" என்று ஒருவர் கேட்பார். "டீம்வொர்க்" என்பார்கள். எல்லோரும் எழுதிக்கொள்வார்கள்.

கூர்மையான கேள்விகள் அங்கே வராது. அவை வீட்டுக்கு வாங்கிப்போகும் தின்பண்டக் கடையில் வரும். எப்போது செய்தது? எத்தனை நாள் தாங்கும்? யார் கைப்பக்குவம்? கொஞ்சம் பிய்த்துத் தின்று பார்க்கலாமா? இதே கேள்விகளை அலுவலகத்தில் கேட்டிருந்தால் நாடு எப்போதோ உருப்பட்டிருக்கும்.

இந்த ஜனவரியில் துமலாவ் வில்லா ரமோனாவுக்குப் போனார். ஒரே நாளில் பெர்மிட் கொடுக்கும் ஊர் என்று அதற்குப் பெயர். கற்றுவர மூன்று நாள் ஒதுக்கியிருந்தார். மூன்றாம் நாள், அதாவது இருபதாம் தேதி, பழைய பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கடைசி நாள். ஊரில் பெர்மிட்டில் கையெழுத்துப் போடும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். அதையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

அன்று மாலை நாலு மணிக்கு, குழுப் புகைப்படத்துக்கு வரிசை பிடித்து நின்றபோது, அவருடைய கவுண்டரில் வேலை பார்க்கும் லிகாயா போன் செய்தாள்.

"சார், அரிசிமாவுல பிபிங்கா சுட்டு விக்கிற சோலெங் அக்கா காலைலேர்ந்து இங்கயே உட்கார்ந்திருக்காங்க. பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"முக்கியமான செஷன்ல இருக்கேன் லிகாயா."

"அஞ்சு மணிக்குள்ள பெர்மிட்டைக் காட்டலைன்னா சந்தையில அவங்க கடையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துருவாங்க சார். பத்தொம்பது வருஷமா அடுப்பு வெச்சிருக்கிற இடம்."

போனில், லிகாயாவின் பின்னாலிருந்து சோலெங்கின் குரல் கேட்டது. "என்னதான் கத்துக்கிறாராம் அப்படி?"

"ஒரே நாள்ல பெர்மிட் குடுக்கறது எப்படின்னு, அக்கா."

"நான் வந்து வந்து போக ஆரம்பிச்சு இன்னியோட மூணு நாளாச்சு! அந்த ஊர்லயே போய் ஒரு கடையைப் போட்டிருக்கலாம் போலிருக்கே."

லிகாயா குரலைத் தாழ்த்தினாள். "சார், உங்களுக்குப் பதிலா நான் போட்டுறட்டுமா? சரின்னு ஒரு மெசேஜ் அனுப்புங்க, போதும்."

"அவசரப்படாதே. எல்லாம் முறைப்படி நடக்கணும்" என்று சொல்லிவிட்டு, துமலாவ் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

படம் எடுத்து முடிந்ததும் குறிப்பேட்டோடு அந்த ஊர் அலுவலகக் கவுண்டர் பக்கம் போனார். அர்லீன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண் காகிதங்களை வாங்கினாள், சரிபார்த்தாள், கையெழுத்துப் போட்டாள், முத்திரை குத்தி நீட்டினாள். வந்தவர் போய்விட்டார். துமலாவுக்கு ஏதோ களவைப் பார்த்துவிட்டது போலிருந்தது.

"தலைவர் கையெழுத்து?"

"அவர் எங்க சார் ஊர்ல இருக்கார்? வருஷத்துல பாதி நாள் பெஞ்ச்மார்க்கிங். ஜனங்க வந்து எங்களைத்தான் திட்டுவாங்க. மேயரே சலிச்சுப்போய், பேப்பரைப் பாக்கிறவங்களே கையெழுத்தும் போடட்டும்னு ஆர்டர் போட்டுட்டார். அவ்வளவுதான். டீம்வொர்க்னு சும்மா சொல்றாங்க."

"இப்ப எங்கே போயிருக்கார்?"

"வடக்கே. கூட்டத்தைச் சமாளிக்கிறது எப்படின்னு கத்துக்க."

துமலாவின் பேனா நின்றது. இருபத்தாறு ஊர்களில் புரியாத ஒன்று இருபத்தேழாவது ஊரில், அதுவும் சுலபமாக, புரிந்துவிட்டது. மணி நாலே கால். ஒரே ஒரு மெசேஜ். கைப்பேசியைக்கூட எடுத்துவிட்டார். அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது: லிகாயா ஒருமுறை போட்டு, உலகம் அழியாமல் இருந்துவிட்டால்? அப்புறம் இவர் எதற்கு?

பார்வையைத் தாழ்த்தினார். வாசலிலிருந்து கவுண்டர் வரை தரையில் மஞ்சள் பெயிண்டில் பாதங்கள் வரைந்திருந்தன.

"இது என்ன திட்டம்?"

"திட்டமெல்லாம் இல்ல சார். வாசல்ல வண்டி நிறுத்தக் கோடு போட்ட பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு."

'மஞ்சள் பாதங்கள்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். மெசேஜ் அனுப்ப எடுத்த கைப்பேசியால் அவற்றைப் படம் பிடித்தார், மூன்று கோணங்களில். ஐந்து மணிக்கு அவர் தின்பண்டக் கடையில் இருந்தார்.

அடுத்த வாரமே சான் பெரெக்ரினோவிலும் மஞ்சள் பாதங்கள் வந்துவிட்டன. மேயர் ரிப்பன் வெட்டி முதல் பாதத்தில் காலை வைத்தார். ஜனங்கள் இப்போது பாதத்துக்கு ஒருவராக ஒழுங்காக நிற்கிறார்கள். கடைசிப் பாதம், மேல்சட்டை தொங்கும் ஒரு காலி நாற்காலியின் முன்னால் முடிகிறது.

சோலெங்கின் கடையில் இப்போது ஒருவன் கைப்பேசி உறை விற்கிறான். அவள் பெர்மிட் அலுவலக வாசலிலேயே தள்ளுவண்டி போட்டுவிட்டாள். யாரும் விரட்டுவதில்லை. மஞ்சள் பாதங்களைக் கற்றுக்கொள்ள வெளியூர்களிலிருந்து வேன் வேனாக வருகிறார்களே, அவர்களுக்குச் சிற்றுண்டி வேண்டாமா? வந்தவர்களில் ஒருவர் சூடான பிபிங்காவைக் கடித்துக்கொண்டே விளையாட்டாகக் கேட்டார்.

"ஏங்க்கா, உங்களுக்கு பெர்மிட் இருக்கா?"

"உள்ளதான் இருக்கு, தம்பி. கையெழுத்துதான் பாக்கி. அது ஊர் ஊரா சுத்திக்கிட்டிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற துமலாவ் எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஒரு சின்னக் கேள்வி: அந்தப் பாதங்கள் என்ன நிறம்? பார்த்தீர்களா, யோசிக்காமலே வருகிறது. சரி, வில்லா ரமோனாவில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாளே, அந்தப் பெண்ணின் பெயர் என்ன?

மேலே போய்த் தேட வேண்டாம். வேன் நாலு மணிக்குக் கிளம்புகிறது. உங்கள் அளவுக்கும் ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறார்கள்.