கனமான பக்கத்தின் வெற்றி

இரண்டு என்ற எண்ணுக்கு எங்கள் ஆய்வகம் ஆற்றிய தொண்டை உலகில் வேறு எந்த ஆய்வகமும் ஆற்றியதில்லை. ஆய்வகக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இதைப் பெருமிதத்துடன் பதிவு செய்கிறேன்.

சிறுநீரகத்தைக் காக்கும் ஒரு புரதத்தை எங்கள் புது மருந்து இரண்டு மடங்காக்குவதாகக் கண்டுபிடித்திருந்தோம். மருந்து போட்ட செல்களுக்குக் கனமான அமினோ அமிலம் தீனி, போடாதவற்றுக்குச் சாதாரணமானது. இரண்டையும் சரிபாதி கலந்து, புரதங்களைத் துண்டாக்கி, எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியில் விட்டால், ஒவ்வொரு துண்டும் கனமும் லேசுமாக ஜோடியாகத் தெரியும். கனமானது, அதாவது மருந்து போட்ட பக்கம், இரண்டு மடங்கு வந்தது. தலைவர் தம் அறைக் கதவில் '2' என்று பெரிதாக ஒட்டிக்கொண்டார். திங்கட்கிழமை நாற்பது நோயாளிகள் பழைய மருந்தை நிறுத்திவிட்டு இதைத் தொடங்குவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை ஆய்வாளர் பெண் ஒருவர் வேண்டாத வேலை பார்த்தார். தீனியை மாற்றிப் போட்டார். மருந்து போட்ட செல்களுக்கு இந்த முறை லேசானது. நியாயமாக லேசான பக்கம்தான் இப்போது உயர வேண்டும்.

"உயரலை சார். இப்பவும் கனமானதுதான் ரெண்டு மடங்கு."

"ரெண்டு வந்துச்சுல்ல? அப்புறம் என்னம்மா?" என்றார் தலைவர்.

"மருந்து ஒண்ணுமே செய்யலை சார். கனமானதை உறிஞ்சி அளக்குற பிப்பெட் கோளாறு. ரெண்டு மடங்கா எடுக்குது. அதான் எல்லாப் புரதமும் ரெண்டு மடங்கு காட்டுது."

"எல்லாப் புரதமுமா? பாத்தீங்களா, எவ்வளவு சக்தி வாய்ந்த மருந்து!"

எனக்கு மெய்சிலிர்த்தது. உடனே அவசரக் கூட்டம் கூடியது. தீனியை மாற்றுவது 'ஆய்வக ஒழுங்குக்கு முரணானது' என்றும், பிப்பெட்டின் 'மாறாத உறுதி' பாராட்டுக்குரியது என்றும் தீர்மானித்தோம்.

"நாப்பது பேர் சார்! பழைய மருந்தை நிறுத்தினா உயிருக்கே ஆபத்து!" என்றார் அந்தப் பெண்.

"நாப்பது சின்ன நம்பர்மா. ரெண்டுதான் பெரிய நம்பர்" என்றார் தலைவர்.

அந்தப் பெண் தீர்மானத்தில் கையெழுத்துப் போட மறுத்து வெளியேறினார். நான் அழகாகப் போட்டேன்.

பிறகு நோயாளிகள் பட்டியலை இறுதி செய்ய உட்கார்ந்தேன். பதினேழாவது பெயர் என் அண்ணனுடையது. அண்ணிக்குப் போன் செய்தேன்.

"அண்ணி, அண்ணன் பழைய மருந்தையே சாப்பிடட்டும். புதுசுல இடம் இல்லையாம்."

"ஐயோ, எவ்வளவு ஆசையா இருந்தாரு! அந்த இடம் யாருக்குப் போச்சு?"

"யாருக்கோ அண்ணி."

போனை வைத்துவிட்டு, அண்ணன் பெயரை அடித்து, காத்திருப்போரில் முதலாவதாக இருந்தவரின் பெயரை அங்கே எழுதினேன். நாற்பது என்றால் நாற்பது இருக்க வேண்டும். அளவு விஷயத்தில் நாங்கள் ரொம்பக் கறார்.