மைனியின் வெடிப் பயத்தை நான் தீர்த்துவைத்த விதம்

பாதிப் புத்தகம் படித்தவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒன்றும் படிக்காதவர்களால் ஆபத்தில்லை. முழுதும் படித்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. நான் அப்போது பாதியில் இருந்தேன். திருவனந்தபுரத்தில் எம்.ஏ. சைக்காலஜி, முதல் வருஷம். வீட்டில் யார் தும்மினாலும் அவர்கள் மனதில் என்ன காரணம் என்று சொல்லிவிடுவேன்.

என் கையில் முதலில் சிக்கியது மைனி. (அண்ணன் மனைவியை நாஞ்சில் நாட்டுக்காரர்களான நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.) பாம்பைக் கம்பால் தூக்கி வெளியே போடுகிறவள் அவள். பயம், வெடிக்கு மட்டும்தான். நாங்கள் இருந்த திருவனந்தபுரத்துப் பக்கம் கோயில்களில் வெடி வழிபாடு உண்டு. பணம் கட்டினால் இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து உங்கள் பேரில் ஒரு வெடி போடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் இது தெரியாமல், மைனி அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் போய்க் கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கிறாள். அன்றிலிருந்து குக்கர் விசிலுக்கும் நடுக்கம்.

பையன் பிறந்ததும் விஷயம் பெரிதாகிவிட்டது. விதுரா பக்கம் ஒரு ஆற்றோரக் கோயிலில் பிள்ளைக்குச் சோறூண், அதாவது முதல் சோறு ஊட்டுவதாக அண்ணன் நேர்ந்திருந்தான். அம்மா தீர்மானமாகச் சொன்னாள்: "அங்க எந்நேரமும் வெடி. இவ பயந்து பிள்ளைய நழுவ விட்டுட்டா? நான் மடியில வச்சுக்கிடுதேன்."

மைனி அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி சுபா, நீ இதுக்குத்தான படிக்க? எம்பிள்ளைக்கு மொதச் சோறு என் மடியிலதான். எதாவது செய்யி."

எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! பயப்படுகிற பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பழகினால் பயம் அடங்கும் என்று புத்தகத்தில் இருந்தது. முதலில் காகிதப் பை ஊதி உடைத்தோம். பிறகு வீட்டுக்குப் பக்கத்துக் கோயில். எதிர்ச் சாரியில் நின்றோம், அப்புறம் வாசலில், அப்புறம் உள்ளே. ஒவ்வொரு தடவையும் நான் மைனியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். வெடிக்காரச் சேட்டன் எனக்குத் தலையசைப்பார். நான் "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்பேன். டமார்! (ராக்கெட் விடுகிறவள் மாதிரி எனக்கு ஒரு கம்பீரம்.) கடைசியில் வெடி வெடிக்கும்போது மைனி நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். "குணமாயிட்டு" என்று வீட்டில் அறிவித்தேன். அம்மாவும் சம்மதித்தாள்.

சோறூண் அன்று என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மைனியைப் பிள்ளையோடு முன்னால் விட்டுவிட்டு, பின்னால் வந்த அண்ணனிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். "பயம்ங்கிறது ஒரு பழக்கம்ணே. வேரோட பிடுங்கிட்டேன்னா..."

மதிலுக்கு அந்தப் பக்கம், யாரோ பணம் கட்டிய வெடி ஒன்று வெடித்தது. மலைப் பக்கமாயிற்றே, ஒரு வெடியைப் பொன்முடி மலை நாலாக்கித் திருப்பித் தந்தது.

மைனி பிள்ளையை நழுவ விடவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்தில் யார் இருந்தாரோ அவர் கையில் கொடுத்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர், பாயசத்தோடு வெளியே வந்த மேல்சாந்தி, அதாவது தலைமைப் பூசாரி. பூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாதவர். பிரசாதத்தைக்கூடக் கையில் படாமல் மேலிருந்து போடுகிறவர். பாயசம் தரையில்; பிள்ளை அவர் மார்பில். அவன் அவரை நிதானமாகப் பார்த்தான். பிறகு, எந்தப் பயமும் இல்லாமல், அவர் மேல் மூத்திரம் பெய்தான்.

"சாரமில்லா," என்றார் மேல்சாந்தி. பரவாயில்லையாம், நல்ல மனுஷன். "ஆனா இனி குளிக்காதெ பற்றில்லா." குளிக்காமல் இனிப் பூஜைக்குப் போக முடியாதாம்; பிள்ளையை அண்ணனிடம் தந்துவிட்டு ஆற்றுக்குப் போனார். சோறூணுக்கு வரிசையில் காத்திருந்த மற்ற பிள்ளைகள் எல்லாம் பசியில் அழத் தொடங்கின. அம்மா என்னைப் பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா என்று யோசித்தேன்.

மைனி மதிலோரம் அழுதுகொண்டிருந்தாள். "நீ எண்ணவே இல்லியேட்டி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெடி ஒன்றும் செய்யாது என்று மைனி கற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கோயிலில், என் கை பிடித்திருக்கும்போது, நான் எண்ணினால், வெடி ஒன்றும் செய்யாது என்று கற்றிருக்கிறாள். பழைய பயத்தை நான் பிடுங்கவில்லை, அதன் மேல் ஒரு துண்டை விரித்திருந்தேன். இடம் மாறியதும் துண்டு பறந்துவிட்டது. (அடுத்த அத்தியாயமே இதுதானாம். பிறகு படித்தேன்.)

"இப்ப எண்ணட்டா மைனி?" என்று கையை நீட்டினேன்.

மைனி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "வேண்டாம். நீ தள்ளிப் போ. பேசாத. தொடாத."

மேல்சாந்தி குளித்து வருகிறவரை மைனி தனியாக அந்த மதிலோரம் நின்றாள். எந்த வெடி எப்போது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதல் வெடிக்குக் குதித்தாள். அடுத்ததற்கும் குதித்தாள். பிறகு தோள் மட்டும் தூக்கிப் போட்டது. நான் தூரத்தில், எண்ணிவிடாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் வந்ததும் மைனி நேராகப் போய் உட்கார்ந்து, "பிள்ளையத் தாங்க," என்றாள். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா, "குடுடா, அவ பிள்ளைதான?" என்றாள். முதல் உருண்டை வாய்க்குப் போகும்போது வெடித்தது. மைனிக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. சோறு பிள்ளையின் மூக்கில் அப்பியது. பிடி மட்டும் விடவில்லை. அந்தப் படம்தான் இன்றைக்கும் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

அப்புறம் வேறு வேறு கோயில், கல்யாண வீட்டுப் பட்டாசு, உற்சவம் என்று மைனி போய்வந்தாள். பெரும்பாலும் நான் இல்லாமல். பயம் நடுவில் எட்டிப் பார்த்தால் மறுபடியும் போவாள்.

எனக்குத்தான் தீராமல் போய்விட்டது. 'அந்தக் கோயில்ல குணமாகித்தான் இருந்தது' என்று அண்ணனிடம் ஒரு தடவை சாக்குச் சொல்லியிருந்தேன். பருப்பு வெந்தாச்சு என்றால் அண்ணன் கேட்பான்: "எந்தக் கோயில்ல?" கார் ஓட்டப் படிச்சாச்சு என்றால், "எந்தக் கோயில்ல?" என்னைப் பெண் பார்க்க வந்தவர், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று மென்று முழுங்கிச் சொன்னபோது, மைனியின் பையனிலிருந்து அம்மா வரைக்கும் ஒரே குரலில்: "எந்தக் கோயில்ல?"

அவர் முழித்தார். மைனிதான் காப்பி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க தைரியமா இருங்க தம்பி. போகப் போகப் பழகிரும்."