நாலாவது நகர்த்தலில் கொடுக்கும் குதிரை

குவேக்கர்ஸ் ஹில், சிட்னி
ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 9

டார்னெய்ட்டில் சகல சௌபாக்கியங்களுடனும், கோடை தொடங்கும் நவம்பரிலும் கழற்றாத கம்பளிச் சட்டையுடனும் வீற்றிருக்கும் என் மனைவியின் அண்ணனும், ஒரு காலத்தில் என் நண்பனுமாகிய சிறிதரனுக்கு,

வரதராஜா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் தங்கை யோகாவும் சுகம். அங்கு நீயும் மகள் நிரூபாவும் சுகமாயிருக்க ஹெலன்ஸ்பர்க் கோயில் பெருமாளை வேண்டுகிறேன். உண்மையில் ஏற்கெனவே வேண்டியாயிற்று. அந்த வெட்கக்கேடு பின்னால் வருகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சமாதானக் கடிதமல்ல. மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் சாப்பாட்டு மேசையில், வெள்ளைக் காய்களோடு ஆடிய நீ குதிரையைத் தொட்டாய். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்றேன். நகர்த்தினாய், குதிரை போயிற்று, ஆட்டமும் போயிற்று. யோகா அவித்த புட்டைக்கூடச் சாப்பிடாமல் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாய். அன்று நான் சொன்னது சரி, இன்றும் சரி. நான் போன் எடுத்தால் நீ "தங்கச்சியிட்டக் குடு" என்பதும், எனக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் யோகா நடுவில் நின்று "அண்ணா, அவர் கேக்கிறார்..." என்பதும் அப்படியே நடக்கட்டும். எனக்கு ஒரு குறையுமில்லை. நான் செஸ் விளையாட்டையே விட்டுவிட்டேன் என்று அறிவிக்கத்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். மே மாதம் ஒரு மத்தியானம், குசினித் தொட்டியின் அடைப்பை எடுப்பது எப்படி என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். எப்படியோ ஒரு செஸ் வீடியோ வந்து நின்றது. ஹலோவீன் காம்பிட் என்று ஒன்று, காயைப் பலிகொடுத்துத் தொடங்கும் ஆட்டம். வெள்ளைக்காரர், அதாவது வெள்ளைக் காய்க்காரர், நாலாவது நகர்த்தலிலேயே முழுசாக ஒரு குதிரையைச் சும்மா கொடுத்துவிடுகிறார்; கிடைப்பது ஒரேயொரு சிப்பாய். புத்தி உள்ளவன் செய்யமாட்டான். ஆனால் எதிரி அந்தக் குதிரையைத் தின்று முடிப்பதற்குள் வெள்ளைச் சிப்பாய்கள் இரண்டு நடுவில் இறங்கி நடக்க, கறுப்புக் குதிரைகள் வந்த வழியே பின்வாங்குகின்றன. நான் வாய் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொட்டி நிரம்பி வழிந்து என் செருப்பு மிதந்து போனபோதுதான் யோகா வந்து போனைப் பறித்தாள்.

அன்றிலிருந்து நான் நிலத்தில் இல்லை. பால் பொங்கினால் தெரியாது, மணி அடித்தால் கேட்காது. ஒருநாள் பிளாக்டவுனில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு ரயிலில் ஏறியவன், மனசுக்குள் குதிரையைக் கொடுத்தபடியே குவேக்கர்ஸ் ஹில்லைத் தாண்டி ரிச்மண்ட் வரைக்கும் போய்விட்டேன். ரிச்மண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புல்வெளியில், மெல்லிய வெயிலில், இரண்டு கறுப்புக் குதிரைகள் நின்றன. அவை இப்போது திரும்பிப் போகும், இப்போது போகும் என்று கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை போகவில்லை. புல்லைத் தின்றுகொண்டே நின்றன. ஏனோ எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஜக்கரண்டா மரத்தின் கீழ் பலகையைப் போட்டு ஆடிப் பார்ப்பேன். ஊதாப் பூ கட்டங்களின் மேல் விழும், ஊதிவிட்டு ஆடுவேன். ஒருநாள் பூவை ஊதுவதற்காகக் குனிந்த நேரம், ஒரு வெள்ளைக் கொக்கட்டூக் கிளி வந்திறங்கி, நான் கொடுக்க வைத்திருந்த அதே குதிரையைக் கவ்விக்கொண்டு கூரையில் ஏறிவிட்டது. நான் ஏணியைத் தேடிக் கொண்டுவருவதற்குள் ஒரு காதை ஆற அமரக் கடித்துத் தின்றுவிட்டு மீதியைத் துப்பியது. அந்தக் குதிரை ஒற்றைக் காதோடு உயிர் பிழைத்திருக்கிறது.

ஆனால் பெரிய துயரம் வேறு. இந்தக் காம்பிட்டை நான் மட்டும் ஆட முடியாது. எதிரே இருப்பவர் முதல் மூன்று நகர்த்தல்களை ஒழுங்காக ஆட வேண்டும்: நடுச் சிப்பாய், ஒரு குதிரை, பிறகு மற்றக் குதிரை. வியாழக்கிழமைகளில் நூலகத்தில் என்னோடு ஆடும் திருச்சிக்காரர் கல்யாணசுந்தரம் முதல் நகர்த்தலிலேயே ஓரத்துச் சிப்பாயைத் தள்ளிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். பத்தொன்பது ஆட்டம் அப்படியே. கடைசியில் வெட்கத்தை விட்டு, தயவுசெய்து இதை இதை நகர்த்துங்கள் என்று கேட்டேன்.

"அப்புறம் நான் எதுக்குங்க? ரெண்டு பக்கமும் நீங்களே ஆடிக்குங்க, நான் பேப்பர் படிக்கிறேன்" என்றார்.

போனில் இருக்கும் இயந்திரமும் சொல்வழி கேட்பதில்லை. யோசித்துப் பார்த்தேன். நடுச் சிப்பாய், ஒரு குதிரை, மற்றக் குதிரை என்று முப்பது வருடமாக ஒரு மாற்றமும் இல்லாமல் ஆடிவருகிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். அந்த ஆள் என்னோடு கதைப்பதில்லை.

சரி, போனது போகட்டும், ஒரு தடவையாவது இந்தக் காம்பிட்டில் எனக்கு வெற்றி கிடைக்க வேண்டுமென்று போன சனிக்கிழமை யோகாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஹெலன்ஸ்பர்க் போனேன். அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். என் கண் பெருமாளில், மனம் பலகையில். வாய் தன்பாட்டில், "சிறிதரன், கேட்டை நட்சத்திரம்" என்றது. ஐயர் மணியை அடித்து முடித்தே விட்டார்.

"என்னப்பா, அண்ணாவின்ர பேரையெல்லே சொல்லிப்போட்டியள்?" என்றாள் யோகா.

"வாய் தவறிப்போச்சு."

"நட்சத்திரமுமோ தவறினது?"

ஐயர் தந்த துளசியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். எதிராளியின் பெயரில் வெற்றிக்கு அர்ச்சனை செய்வித்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த இடத்திலேயே செஸ்ஸை விடுவதாகச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் யோகா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். இத்துடன் இருக்கும் துளசி உன் பெயரில் கிடைத்தது. அதை வைத்திருக்க எனக்கு உரிமையில்லை.

ஆகவே, செஸ் முடிந்தது. பலகையைக் கட்டிக் கராஜில் போட்டாயிற்று. நிரூபாவுக்கு என் ஆசீர்வாதம். நீ நீடூழி வாழ்க, கழுத்தில் குளிர் படாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
நியாயத்தின் பக்கம் நிற்கும்
வரதராஜா

பி.கு.: யோகா இதை வாசித்துவிட்டு, "இவ்வளவு பொய்யையும் முத்திரை ஒட்டியே அனுப்பப் போறியள்?" என்று கேட்டாள். ஆகையால்: அன்று நீ குதிரையைத் தொடவில்லை. மந்திரியை எடுக்கக் கை நீட்டினாய். உன் சட்டைக்கை குதிரையில் பட்டது. நான் பார்த்தேன். தோற்றுக்கொண்டிருந்தேன், அதனால் சொன்னேன். பலகையும் கராஜில் இல்லை, மரத்தின் கீழ்தான் இருக்கிறது. என் நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி வைத்திருக்கிறேன். நீ போனில் வழக்கம்போல ஆடு. போனை யோகாவிடம் கொடுக்கமாட்டேன். நாலாவது நகர்த்தலில், அன்று போன உன் குதிரை உன்னிடம் வந்துவிடும். ஒரு காது இல்லை, பொறுத்துக்கொள்.