விட்டவன்தான் பொறுப்பு

மேடவாக்கம் அபார்ட்மென்டின் மொட்டை மாடித் தொட்டி ஒழுக ஆரம்பித்து ஆறு நாளாகிறது. செக்ரட்டரி சூர்யநாராயணன் அதைச் சுற்றிக் கயிறு கட்டி, ‘சர்வதேச விண்வெளிச் சட்டப்படி யாரும் தொடக் கூடாது’ என்று அட்டை தொங்கவிட்டிருந்தார். தொட்டியடியில் கருகிய எவர்சில்வர் டப்பா ஒன்று கிடந்தது.

அதன் அடிப்பக்கத்தில் ‘டெபோரா’ என்று பேர் வெட்டியிருப்பது பத்தாவது படிக்கும் ஃபிரெடிக்குத் தெரியும். அம்மாவின் பேர்தான்; அவள் கல்யாணத்துக்கு வந்த டப்பா.

தீபாவளியில் மிஞ்சிய மூன்று ராக்கெட்டுகளை அதில் கட்டிப் பற்றவைத்தவன், சத்தம் கேட்டதும் எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்காமல் ஓடிவிட்டான். மறுநாள் காலை தொட்டி ஒழுகியது, அடியில் டப்பா.

செக்ரட்டரி அவனைத்தான் கூப்பிட்டு, இது என்ன என்று கேட்டார்.

"சாட்டிலைட் துண்டு மாதிரி இருக்கு அங்கிள்."

வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவர் அவனையே சற்று நேரம் பார்த்தார். சாயங்காலமே விண்வெளி ஒப்பந்தங்களையெல்லாம் பிரின்ட் எடுத்துவிட்டார். பிளம்பருக்கு மேலே வரத் தடை. வீட்டு வேலை செய்யும் பொன்னியம்மாள் நாலு மாடிக்கும் குடம் சுமந்தாள்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல், அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிடலாமே, அதுதானே ரூல் என்று செக்ரட்டரியிடம் கேட்டான் ஃபிரெடி.

"கரெக்ட். ஆனா எவன் விட்டதுன்னு தெரிய வேணாமா? மேல விடுற எதையும் ரெஜிஸ்டர் பண்ணணும், அடையாளம் இருக்கும். சண்டே மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் திருப்பிப் பாப்போம். தப்பே பண்ணலைன்னாலும் விட்டவன்தான் பொறுப்பு. சட்டம் அப்படி."

ஃபிரெடி வீட்டார் வாடகைக்கு இருப்பவர்கள். தொட்டியைக் கவனியுங்கள் என்று அம்மா மீட்டிங்கில் கேட்டதிலிருந்தே செக்ரட்டரிக்கு அவளை ஆகாது. இன்னொரு புகார் போனால் ஓனர் காலி பண்ணச் சொல்லிவிடுவார்.

ஞாயிறு விடிந்ததும் உப்புத்தாளோடு கயிற்றுக்குள் நுழைந்தான். தேய்க்கத் தேய்க்கக் கரிதான் போனது. ‘டெபோரா’ புதிதாக வெட்டியதுபோல் பளிச்சென்று மின்னியது.

பின்னால் குடம் இறக்கும் சத்தம். பொன்னியம்மாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினான்.

"தொட்டி ஆடி மாசமே வாய் பொளந்துச்சு தம்பி. சாராண்ட சொன்னேன். வாய மூடிகினு வேலயப் பாருன்னாரு."

"அப்போ டப்பா?"

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுவா? துணி காயப்போடுற கயித்தாண்ட கெடந்துச்சு. எடுத்து, திருப்பி, பேரப் படிச்சிட்டு, இங்க கொண்ணாந்து வெச்சதே செக்ரட்டரி சாருதான்."